ஒரு பந்தியும் ஓர் உடலும்



அன்பு என்னும் சொல் எல்லாச் சமயத்தார் நாவிலும் வழங்குவது. நம் வள்ளுவர் அன்புடைமை என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். தனித்திருந்து தவம் செய்வோர்க்கு அன்பு எளிது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பின் சோற்றை உண்டு, ஒருவர் குறையை ஒருவர் நாள்தோறும் கண்டு வாழ்வோர்க்கே அன்பு அரிய செயலாகின்றது. அன்பின் இடம் இல்லம் என்று அப்பெரியார் கண்டது இதனாற்போலும்.

கிறித்தவ மறையிலும் அன்பைப்பற்றிய மிகச் சிறந்த பகுதி இவ்வாறே ஒரு வீட்டுச் சச்சரவின் நடுவிற் பிறந்தது. பவுல் அடிகள் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தையே குறிப்பிடுகின்றேன். திருமண வைபவங்களில் இன்று அதனைப் படிக்கக் கேட்கின்றோம். ஆயின் அது மணமக்களை நோக்கி எழுதப்பட்டதன்று. பிளவுண்டு கிடந்த ஒரு சபையை நோக்கி எழுதப்பட்டது. அந்தப் பிளவு யாது, அதற்குப் பவுல் கண்ட மருந்து யாது என்பவற்றை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கொரிந்து கிரேக்க நாட்டின் பெரு வணிக நகரம். இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், இரு துறைமுகங்களை உடையதாய் விளங்கியது. கி.மு. 146இல் உரோமர் அதனை அழித்தனர்; கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதனை மீண்டும் குடியேற்ற நகரமாக்கினார். அங்குக் குடியேறியோருள் விடுதலை பெற்ற அடிமைகள் பலர். பழைய குலப்பெருமை குறைந்திருந்த அந்நகரில் பணமே பெருமை தந்தது. கி.பி. 50ஐ அடுத்து அங்கே சென்ற பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே, ஒன்றரை ஆண்டுக்காலம் உழைத்து அச்சபையை உருவாக்கினார். சில ஆண்டுகளின் பின் எபேசு நகரில் இருந்தபோது, கிலோவேயாள் என்னும் பெண்மணியின் வீட்டார் அவரிடம் வருத்தமான செய்திகளைக் கொணர்ந்தனர்.

ஒருவர் பவுலின் கட்சி, ஒருவர் அப்பொல்லோவின் கட்சி, வேறொருவர் கேபாவின் கட்சி. இவை யாவற்றுக்கும் மேலாகத் தாமே கிறிஸ்துவின் கட்சியினர் என்போர் ஒரு சாரார். சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்கு மன்றம் ஏறினான். வரம் பெற்றோர், வரம் பெறாதோரை இகழ்ந்தனர். இவற்றுள் எல்லாம் கொடியது, திருவிருந்து உண்ணுமிடத்து நிகழ்ந்த பிளவேயாகும்.

அக்காலத்துச் சபைக்குக் கோயிற் கட்டடம் இல்லை. வசதியுள்ள ஒருவர் வீட்டிற் கூடி உணவுண்டு, அவ்வுணவோடு சேர்த்தே ஆண்டவரின் நினைவு விருந்தையும் நடத்தினர். உரோமர் வீட்டு உணவறையில் சாய்ந்துண்ணும் மஞ்சங்கள் மூன்று இருக்கும். அவற்றில் ஒன்பது பேர் வரையிலேயே இடங்கொள்ளலாம். ஏனையோர் முற்றத்தில் இருந்திருப்பர் என ஆராய்ச்சியாளர் கருதுவர். விருந்தினரின் தகுதிக்கேற்ப உணவையும் மதுவையும் தரம் பிரித்துப் பரிமாறும் வழக்கம் உரோமரிடையே இருந்தது. பிளினி என்னும் உரோம எழுத்தாளர் அத்தகைய விருந்து ஒன்றைக் கண்டு வெறுத்து எழுதியிருக்கின்றார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாக அமைந்ததோ கி.பி. 321இல், கொன்ஸ்தந்தீன் மன்னன் ஆணையால். எனவே அடிமைகளும் கூலியாட்களும் பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவிலேதான் வந்திருத்தல் வேண்டும். அதற்குள் முன்னே வந்த செல்வர் உண்டு முடித்துவிடுவர். ஒருவன் பசியோடிருக்க, மற்றொருவன் வெறித்திருந்தான் என்று பவுல் குறித்துள்ள நிலை இதுவே.

இதற்குத் தமிழிற் பொருத்தமான பெயர் ஒன்று உண்டு. பந்தி வஞ்சனை என்பர் நம் முன்னோர். ஒரே வரிசையில் இருந்தோருள் ஒருவர் இலைக்கு ஒன்றும், மற்றொருவர் இலைக்கு வேறொன்றும் இடுதலைப் பெரும் பாவமாக அவர் எண்ணினர். பவுலும் அவ்வாறே எண்ணினார். இவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்றார். இல்லாதவரை நாணச் செய்வது சபையையே அவமதிப்பதாகும் என்றார். அவர் கூறிய பரிகாரமோ மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அவ்வளவே. உயர்ந்த தத்துவம் எதனையும் அவர் அவ்விடத்திற் கூறவில்லை. வேலை முடிந்து களைத்து வருபவன் வந்து சேரும்வரை கையை அடக்கியிருத்தலே ஒருமையின் முதற்பாடம் என்றார்.

இதன்பின்பே சபை ஓர் உடல் என்னும் உவமையை அவர் எடுத்து ஆளுகின்றார். இவ்வுவமை அவருக்கு முன்னும் வழங்கியதொன்று. உரோமில் எளிய குடிமக்கள் தம் துன்பம் பொறாது நகரை விட்டு வெளியேறியபோது, மெனேனியஸ் அகிரிப்பா என்பார் அவர்களிடம் சென்று, வயிற்றுக்கு எதிராகக் கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்து தாமும் மெலிந்த கதையைக் கூறித் திருப்பியழைத்தார் என வரலாற்றாசிரியர் லீவி எழுதுகின்றார். அக்கதையின் கருத்து யாது? உழைக்கும் உறுப்புகள் முறையிடாமல் உழைக்க வேண்டும். உண்ணும் வயிறு இருந்தபடியே இருக்கலாம் என்பதே.

பவுல் அதே உவமையை எடுத்து, அறிவுரையைப் பெற வேண்டியவர் யார் என்பதை மாற்றிவிட்டார். தலை காலைப் பார்த்து, நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லுதல் கூடாது என்கின்றார். வலுக்குறைந்தனவாய்த் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை. மதிப்புக் குறைந்தனவாய் எண்ணப்படுவனவற்றிற்கே மிகுந்த மதிப்பு அளிக்கப்படுதல் வேண்டும் என்கின்றார். அகிரிப்பா எளியோரைப் பார்த்து, அடங்குங்கள் என்றார். பவுல் வலியோரைப் பார்த்து, அடங்குங்கள் என்றார். ஒருமை என்ற பெயரால் மெலியாரை வாய்மூடச் செய்வது எக்காலத்தும் நிகழ்வது. அவ்வொருமையைப் பவுல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் நன்கு உணர்தல் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அன்பின் அதிகாரம் வருகின்றது. அன்பின் இயல்புகளைக் கூறும்போது அவர் கிரேக்க மூலத்தில் வினைச்சொற்களையே அடுக்குகின்றார். அன்பு இத்தகைய உணர்ச்சி என்று அவர் வரையறை கூறவில்லை. அன்பு இதனைச் செய்யும், இதனைச் செய்யாது என்றே கூறுகின்றார். பொறுத்திருத்தல், பொறாமை கொள்ளாமை, தன்னைப் புகழாமை, தன்னலம் நாடாமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முன்னைய அதிகாரங்களோடு ஒப்புநோக்குங்கள். கட்சி கட்டியவனுக்கு ஒன்று, வழக்காடியவனுக்கு ஒன்று, வரத்தாற் செருக்குற்றவனுக்கு ஒன்று, முந்தி உண்டவனுக்கு ஒன்று என அவை அமைந்திருப்பது புலனாகும்.

இன்னொரு கடுமையான கருத்தையும் அங்கே காண்கின்றோம். உள்ள பொருள் யாவற்றையும் ஏழைகளுக்கு வழங்கினாலும், அன்பில்லையேல் வழங்கியவனுக்குப் பயனில்லை என்பது அக்கருத்து. அங்ஙனமாயின் தொண்டு வேண்டியதில்லையோ என்று ஐயுறலாகாது. பவுலே தொண்டுக்கு இலக்கணம் வகுத்தவர். தொண்டினைக் குறிக்கும் தியாக்கோனியா என்ற கிரேக்கச் சொல், பந்தியிற் பரிமாறும் பணியையும் குறிப்பதாகும். கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையில் தொண்டாற்றிய பெபேயாள் என்னும் பெண்மணியையும், அடியார்க்குப் பணிசெய்யத் தம்மை ஒப்புக்கொடுத்த ஸ்தேவான் வீட்டாரையும் அவர் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றார். அத்தகையோருக்குச் சபையார் அமைந்து நடத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றார். பரிமாறுகின்றவனே பந்திக்குத் தலைவன் என்பது இதன் பொருள்.

நிருபத்தின் இறுதியில் எருசலேமிலிருந்த ஏழை அடியாருக்காகப் பொருள் சேர்க்கும் செய்தி வருகின்றது. வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தத்தம் வரவுக்கேற்ப ஒரு தொகையை எடுத்துவைக்குமாறு பவுல் பணிக்கின்றார். கொடுப்போர் பெரும்பாலும் யூதரல்லாதோர், பெறுவோர் யூதர். ஒருவரையொருவர் கண்டறியாதவர். இப்பொருளுதவியை உரோமருக்கு எழுதிய நிருபத்திற் குறிப்பிடும்போது கொய்நோனியா என்ற சொல்லைப் பவுல் வழங்குகின்றார். திருவிருந்துக் கிண்ணத்திற் பங்குபெறுதலைக் குறிக்கவும் அவர் வழங்கிய சொல் அதுவே. திருவிருந்துப் பங்கு ஒன்று, ஏழைக்குரிய பங்கு வேறொன்று என அவர் பிரித்தறியவில்லை.

ஆகவே அன்பு, ஒருமை, தொண்டு என்னும் மூன்றும் தனித்தனி அறங்கள் அல்ல. தொண்டில்லாத அன்பு வெறும் பேச்சு. அன்பில்லாத தொண்டு பெறுபவனை நாணச் செய்யும் ஈகை. இவ்விரண்டும் இல்லாத ஒருமை, வலியோன் மெலியோன்மேல் வைத்த அடக்குமுறை.

கொரிந்து சபை இப்பாடத்தை ஒருமுறை கற்றதோடு அமைந்துவிட்டதா? இல்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின், கி.பி. 96ஐ ஒட்டி, உரோமைச் சபையினர் கொரிந்தாருக்கு மீண்டும் ஒரு நிருபம் எழுத நேர்ந்தது. கிளமெந்து எழுதியதாகக் கூறப்படும் அந்நிருபத்திற்குக் காரணம், மூப்பரைப் பதவி நீக்கிய புதியதொரு பிளவு. தந்தை கற்ற பாடத்தை மகன் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இது வியப்பளிக்கும் செய்தியன்று.

தமிழ்ச் சபைகளும் இதே பாடத்தை இதே பந்தியிற் கற்கவேண்டியிருந்தது. சாதிக்கு ஓரிடமாகப் பிரிந்திருந்து வழிபட்டதும், திருவிருந்தை முன்பின் வரிசை பார்த்து உட்கொண்டதும் தென்னிந்தியச் சபைகள் பலவற்றில் வழக்கமாயிருந்தன. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் இவ்வேறுபாடுகளை அறவே ஒழிக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சாவூர் முதலிய இடங்களிற் பலர் சபையை விட்டே விலகினர். கொரிந்து நமக்குத் தொலைவிலுள்ள ஊரன்று, நேயர்களே.

ஆயின் மற்றொரு நினைவும் நமக்குண்டு. திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறித்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே கடலுக்கு அப்பால் ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிசனரிச் சங்கம் தோன்றியது. 1910இல் எடின்பரோ நகரில் உலக மிசனரி மாநாடு கூடியபோது அவர் பேசிய பேச்சு வரலாற்றில் நின்றுவிட்டது. மேனாட்டார் செய்த தொண்டையும் தியாகத்தையும் அவர் நன்றியோடு கூறினார். ஏழைகளுக்குப் பொருள் ஈந்தீர்கள், உயிரையும் ஈந்தீர்கள். நாங்கள் வேண்டுவது அன்பு, எங்களுக்கு நண்பராகுங்கள் என்ற கருத்துப்பட முடித்தார். கூலி கொடுப்பவரும் பெறுபவருமாய் நிற்றல் சபையின் ஒருமையாகாது என்பதே அவர் குறை. பவுல் கொரிந்தாருக்கு எழுதிய அதே அதிகாரத்தை, 35 வயதுத் தமிழர் ஒருவர் மேனாட்டு அறிஞர் அவையில் அவர்களுக்கே நினைவூட்டினார்.

1919இல் தரங்கம்பாடியிற் கூடிச் சபை ஐக்கியத்துக்கு அடிகோலியவருள் முதன்மையானவரும் அவரே. 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. 1945 தை முதலாம் நாள் அவர் மறைந்தார். 1947 புரட்டாதி 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாயினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் வழிவந்த சபைகள் அதில் ஓர் அத்தியட்சாதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதல் அத்தியட்சரானார். அதே வேளையில், இலங்கைச் சபைகளை ஒன்றாக்க நெடுங்காலம் முயன்று வகுத்த திட்டம், 1970களின் தொடக்கத்தில் வழக்கு மன்றம் சென்று தடைப்பட்டது என்பதையும் மறைத்தற்கில்லை. வெற்றியும் தோல்வியும் இரண்டும் நம்முடையனவே.

ஆயினும் சாசனங்களால் ஆகும் ஒருமை பெரியோர் கையில் உள்ளது. நம் கையில் உள்ள ஒருமை சிறிது, அன்றாடமானது. ஒரு வகுப்பின் உண்மை நிலையை அறிய விரும்பும் ஆசிரியர், பரீட்சைப் புள்ளிகளை மட்டும் பார்த்தல் போதாது. மதிய உணவு வேளையில் வகுப்பைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். எவன் எவனோடு இருந்து உண்கின்றான், எவன் உணவுப் பொதியை மறைத்துத் தின்கின்றான், எவன் ஒன்றும் கொணராது குழாயடிக்குச் சென்று நீரைக் குடித்துவிட்டு விளையாடுவதுபோல் நடிக்கின்றான் என்பன அப்போதுதான் தெரியவரும். சபைகளையும் சங்கங்களையும் ஆலயங்களையும் அளத்தற்கும் இதுவே ஏற்ற அளவுகோல். விழா எத்துணைச் சிறப்பாய் நடந்தது என்று கேட்பதிலும், கடைசியாக வந்தவனுக்கு என்ன மிஞ்சியிருந்தது, அவனை எங்கே இருத்தினர் என்று கேட்பது நன்று.

இது கிறித்தவ சபைக்கென எழுதப்பட்ட போதனையாயினும், பந்தி வைக்கும் எவர்க்கும் பொருந்துவது. நாளை நம் இல்லத்திலோ ஊரிலோ ஒரு விருந்து நடக்கும். களைத்து, வியர்த்து, பிந்தி ஒருவன் வருவான். அவன் வரும்வரை நாம் காத்திருந்தோமாயின், பவுல் அடிகள் அன்பென்று கூறியதில் முதல் அடியை எடுத்துவைத்தவராவோம்.