வயிற்றுப்புண்ணும் ஒரு பூட்டும்

(பங்காளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளால் நடக்கும் வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அதிகமாகக் கேட்கும் வார்த்தை எது தெரியுமா? "டாக்டரே, வயிறு எரியுது." அந்த எரிச்சலின் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம். அதில் ஒரு பாதி நம்முடைய மாவட்டத்திலேயே நடந்தது.

1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் மலைப் பயணத்தை முடித்துவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். இங்கிலாந்தில் கிடைக்கவிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். அவருடைய அறுவை மேசைக்கு ஏராளமாக வந்த நோய் முன்சிறுகுடல் புண். அன்றைய திருவிதாங்கூரில் அது அவ்வளவு சாதாரணம். இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைப்பார்கள். அமிலம் புண்ணின்மேல் படாமல் வேறு வழியாக இறங்கிவிடும். அவரும் உடன் பணிசெய்த டாக்டர் இயான் ஆரும் இந்த அனுபவத்தை 1936-ல் இங்கிலாந்தின் மருத்துவ இதழில் எழுதினார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் வயிற்றில் புண் வந்தது.

கத்தியைத் தவிர அன்று வேறு வழி அதிகம் இல்லை. வழி திறந்தது வேறொரு இடத்தில்.

நம் உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தச் செய்தியை வாங்குவதற்குச் செல்லின் மேல்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்லில் இருக்கும் ஒரு பூட்டுக்கு ஹிஸ்டமின் என்ற பொருள்தான் சாவி. சாவி திரும்பினால் செய்தி உள்ளே போகும். அமிலத்தை வெளியே தள்ளும் பம்பு ஓட ஆரம்பிக்கும். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள் முன்பே இருந்தன. தடிப்புக்கும் அரிப்புக்கும் நீங்கள் வாங்கும் அவில் மாத்திரை அந்த வகைதான். ஆனால் அது அமிலத்தைக் குறைப்பதில்லை. ஏன்? ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் இந்தக் கேள்வியை விடவில்லை. வயிற்றில் இருப்பது வேறொரு பூட்டாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது, உண்மைச் சாவிக்கும் இடம் விடாது. அப்படி ஒரு போலிச் சாவியை அவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆண்டுகள் தேடினார்கள். 1972-ல் அந்த இரண்டாம் பூட்டு இருப்பதை உறுதிசெய்து எழுதினார்கள். அதன்பின் வந்த ஒரு மருந்து சிலருக்கு இரத்த வெள்ளணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது. 1976-ல் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சாமர்வெல் 1975-ல் காலமானார். தம் வாழ்நாளில் பெரும்பகுதி கத்தியால் செய்த வேலையை ஒரு மாத்திரை செய்வதைப் பார்க்க அவருக்கு வாய்க்காமற் போயிற்று. எங்களுக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஆனாலும் கதை முடியவில்லை. மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் புண் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் வயிற்றில் வாழும் ஒரு கிருமியைக் காட்டினார்கள். நம்புவார் இல்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகையால் இன்று எண்டோஸ்கோப்பி செய்து, கிருமி இருந்தால் பொதுவாக இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் ஒரு மருந்தும் 14 நாட்களுக்குக் கொடுக்கிறோம். எங்கள் வேதனை இங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் நாள் எரிச்சல் போய்விடும், மாத்திரையும் நின்றுவிடும். கிருமி அப்படியே இருக்கும், அடுத்த தடவை அந்த மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ரப்பர் பால் வெட்டும் சகோதரர்கள் முட்டுவலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதுவும் வயிற்றைப் புண்ணாக்கும். தார்போலக் கறுப்பாக மலம் போன பிறகும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் எவ்வளவு இரத்தம் போயிருக்கும்! இன்னும் சிலர் வருஷக்கணக்கில் அமில மாத்திரையால் எரிச்சலை அடக்கிவைத்திருப்பார்கள். குழாய் விட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது புற்றுநோய். எடை குறைந்தாலோ, சாப்பாடு இறங்கச் சிரமப்பட்டாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பரிசோதனைக்குப் பணம் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களுக்காகத்தான் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்குகிறோம்.

கூட்டம் முடிந்ததும் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எங்களுக்குத் தெரியும்: மரச்சீனி சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம், மீனும் கீரையும் சேர்த்து. 14 நாள் மாத்திரையை மட்டும் இடையில் நிறுத்திவிடாதீர்கள்.