எக்ஸ்ரே காட்டாத மூச்சு
(பாரிட் புந்தாரில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



"மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்" என்று நம்மவருள் சிலர் குறைபடுவதுண்டு. அவர்களை வேலைக்குச் சோம்பியவர் எனப் பிறர் எண்ணிவிடுவதும் உண்டு. அது முறையன்று. எக்ஸ்ரே நுரையீரலின் வடிவத்தையே காட்டும். காற்று எங்கெங்கு சென்று சேர்கிறது என்பதைக் காட்டாது. இவ்வட்டாரத்தின் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-ஆம் ஆண்டு நிறைவெய்தியது. வாய்க்கால் கரை செவ்வையாக இருப்பதைக் கண்டு மட்டும், கடைசி வயல்வரை புக்கிட் மேரா நீர் பாய்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

காந்தத்தின் துணையால் உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியும் இவ்விடத்தில் தடுமாறிற்று. அது பெரும்பாலும் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜனைக் கொண்டே படம் வரைகிறது. நுரையீரலிலோ பெரும்பகுதி காற்று. ஆகவே படம் கருமையாக விழும்.

படத்தில் தெரியக்கூடிய வாயு ஒன்றையே சுவாசிக்கச் செய்வது விஞ்ஞானிகள் கண்ட வழி. அவ்வாயுவின் பெயர் செனான். நாம் சுவாசிக்கும் காற்றிலும் அது கோடியில் ஒரு பங்குக்குக் குறைவாக உள்ளது. இயல்பாக அதன் அணுக்கருக்கள் திசைக்கொன்றாய் நிற்கும். ருபீடியம் ஆவியுடன் கலந்து லேசர் ஒளியைச் செலுத்தினால், காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசைகூடுவதுபோல் அவற்றுட் பல ஒரே திசையில் நிற்கும். அதனால் படம் துலங்கும். 1994-இல் சுண்டெலியின் நுரையீரல் இம்முறையில் படமாயிற்று.

நோயாளி அவ்வாயுவை உள்ளிழுத்துச் சில விநாடி மூச்சடக்கினால் போதும். காற்று புகுந்த இடம் ஒளிரும். அடைபட்ட இடம் இருண்டிருக்கும். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. மேலும், செனான் இரத்தத்திலும் கரையும். அது செவ்வணுக்களைச் சென்றடைவதையும் கருவி தனியே கண்டுகொள்ளும். கோவிட் நோயிலிருந்து மீண்ட பின்னும் மூச்சுத்திணறல் தீராத சிலரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். சி.டி. படத்தில் பெருங்குறை ஏதும் தென்படாதவரிடத்தும், வாயு இரத்தத்தில் சேர்வது குன்றியிருந்தது. அவர்களது துன்பம் வெறும் மனப்பிரமை அன்று.

2022 டிசம்பரில், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு இவ்வாயுவைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. எனினும், சீர்ப்படுத்திய வாயுவை விரைவில் பயன்படுத்தாவிடில் வரிசை கலைந்துவிடும். தனிக் கருவிகளும் வேண்டும். நாளையே நம் ஊருக்கு வந்துவிடும் என்று ஆசைகாட்ட நான் வரவில்லை.

குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பழையது, எளியது. எக்ஸ்ரே தெளிவாயிருந்தும் மூச்சு வாங்கினால், அச்சோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகையில் எத்தனை ஆண்டு உழைத்தீர்கள், சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் விறகடுப்பா என்பனவற்றை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.