பாகத்திலிருந்து அமுக்கத்துக்கு

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் தடுமாறுகிற பகுதிகளில் ஒன்று, சார்புக்குள் சார்பு. புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள். கற்பிட்டிக் கடலிலேயே அந்தக் கணக்கு கிடக்கிறது.

கடலட்டை எடுக்கச் சுழியோடுகிறவர்களின் கடல் இது. கடற்கரையில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வது பழைய வழக்கம். ஒரு பாகம் ஆறடி, அண்ணளவாக 1.8 மீற்றர். பாகத்தை 1.8 ஆல் பெருக்கினால் மீற்றர் வரும். இதை எஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அமுக்கம். மேலே காற்றின் அமுக்கம் ஏற்கெனவே இருக்கிறது; அதை ஒன்று என்று கொள்வோம். தண்ணீருக்குள் 10 மீற்றருக்கு ஏறத்தாழ இன்னொன்று கூடும். ஆகவே மீற்றரை 10 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். இது ஜீ.

10 பாகம் இறங்கியவர் மீது எவ்வளவு அமுக்கம்? எஃப் 18 மீற்றர் தரும். அந்த 18ஐ ஜீயிடம் கொடுத்தால் 2.8. சேர்த்திச் சார்பு என்பது இவ்வளவுதான்.

ஏட்டில் இதை ஜீ, நடுவில் ஒரு சிறு வட்டம், பிறகு எஃப், கடைசியில் எக்ஸ் என்று எழுதுவோம். ஜீ முன்னால் நிற்பதைக் கண்டு பிள்ளைகள் ஜீயிலேயே தொடங்கிவிடுகிறார்கள். எக்ஸுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் முதலில் வேலை செய்யும். மாற்றிச் செய்து பாருங்கள்: ஜீயில் 10ஐப் போட்டால் 2; அதை எஃப்பில் போட்டால் 3.6. அது மீற்றருமில்லை, அமுக்கமுமில்லை. பரீட்சைக் கணக்கில் அலகு இராது. பிழை ஒளிந்துகொள்ள அதுவே வசதி.

திரும்பி வருவதென்றால் கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். 2.8 இல் ஒன்றைக் கழித்து, 10 ஆல் பெருக்கி, 1.8 ஆல் வகுங்கள். 10 பாகம் வந்துவிடும்.

அதிகம் புள்ளி போகும் இடம் வேறு. எஃப் வர்க்கமூலம் எடுக்கிறது, ஜீ வர்க்கிக்கிறது என்று கேள்வி வந்தால், விடை வெறும் எக்ஸ். உடனே "எல்லா மெய்யெண்களுக்கும்" என்று எழுதிவிடுவார்கள். மறை 4ஐக் கொடுங்கள், முதற்படியிலேயே நின்றுவிடும். ஆட்சியை, அதாவது சார்பு ஏற்கும் எண்களை, சுருக்கிய விடையில் தேடாதீர்கள். உள்ளே நிற்கும் சார்பிலிருந்து தொடங்குங்கள். இதை ஆசிரியர்களும் அவசரத்தில் தாண்டிப் போவதுண்டு என்பது என் எண்ணம்.

நம் சங்கிலியில் மூன்றாவது ஒன்றையும் கோக்கலாம். 1662இல் ரொபர்ட் பொயில் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாவிட்டால் அமுக்கம் எத்தனை மடங்கு குறைகிறதோ, காற்று அத்தனை மடங்கு விரியும். 10 பாகத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது 2.8 மடங்காக விரியப் பார்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியக்கூடும். சிலிண்டர் கட்டிச் சுழியோடும் தம்பிமாரே, மெதுவாக, மூச்சை விட்டுவிட்டே மேலே வாருங்கள்.