ரத்தக் கொதிப்பும் வீட்டு உப்பும்

(வானொலி உரை)

வழக்கமாக நெல்லுக்கு உரம், கரும்புக்கு மருந்து என்று பேசுகிறவன் இன்று ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மண் பரிசோதனை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள்கூட, "உங்க பிரஷர் எவ்வளவுங்க?" என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். "தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, எதுக்குப் பார்க்கணும்?" என்கிறார்கள். சங்கடமே அங்கேதான். இந்த நோய் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது.

மோட்டாரில் மாட்டிய ஓஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் உடனே வெடிப்பதில்லை. நாளாக ஆக இளகி, ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். ரத்தக் குழாயும் அப்படித்தான். மூளையில் நடந்தால் பக்கவாதம். இதயமும் சிறுநீரகமும்கூடக் கெடும். வேறு வேறு நாள் பார்த்தும் மேல் அளவு 140, அல்லது கீழ் அளவு 90, அல்லது அதற்கு மேலும் இருந்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இதில் உப்புக்கு என்ன வேலை? உடம்பில் உப்புக் கூடினால், அதோடு தண்ணீரும் தங்குகிறது. குழாயில் ஓடும் ரத்தம் கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தினமும் யார் அளந்துகொண்டிருப்பது? ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் நாளைக்கு 20 கிராம். அப்படியானால் பாக்கெட் 50 நாளாவது வரணும். 25 நாளில் தீர்ந்தால் இரண்டு பங்கு உள்ளே போகிறது என்று அர்த்தம். மாட்டுக்குப் போட்டதைக் கழித்துக்கொள்ளுங்கள்! கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேராமல் வருகிற உப்பு. கல்லுப்பு, இந்துப்பு என்று மாற்றினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அயோடின் உப்பையே குறைத்துப் போடுங்கள்.

"வெயிலில் வேர்த்து உழைக்கிறோமே, உப்பு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேர்வையில் உப்புப் போவது உண்மைதான். ஆனால் குழம்பிலும் ரசத்திலும் இருப்பதே பெரும்பாலும் அதற்கு ஈடாகிவிடுகிறது. பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். மோரில் உப்பைக் குறைத்து இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போடலாம். கடும் வெயிலில் தசை பிடித்து, மயக்கம் வந்தால் அது வேறு சங்கதி. அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

சமைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

பீடி, புகையிலை, சாராயம் மூன்றையும் விட வேண்டும். வயலுக்கும் வண்டியிலேயே போகிறவர்கள் தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும்.

மாத்திரை விஷயம்தான் முக்கியம். எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயிக்கு மாத்திரையால் அளவு இறங்கியது. நடவு மும்முரத்தில், "சரியாப் போச்சே" என்று அவராகவே நிறுத்திவிட்டார். அறுப்புக்கு முன்னால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நிலம் இப்போது குத்தகையில் இருக்கிறது. உப்பைக் குறைத்தாலும் சரி, நடந்தாலும் சரி, மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். போவதற்கு அரை மணி முன்னாலிருந்து டீயும் பீடியும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள். ஓடி வந்த மூச்சோடு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சீட்டில் எழுதித் தரும் இரண்டு எண்ணையும் அந்த மண் பரிசோதனை அட்டையோடு சேர்த்து வையுங்கள்.