மாத்திரை டப்பாவிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசும் இந்த அரங்கில் வைட்டமின் மாத்திரைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்குக் காரணமானவர் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் தாய். நூறு நாள் வேலைக்குச் செல்பவர். ஒருநாள் ஞாபக சக்தி டானிக் பாட்டிலோடு வந்து, "டீச்சர், புள்ளைக்கு ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது. இது மூளைக்கு நல்லதுன்னு கடையில குடுத்தாங்க. நீங்க சொன்னா இன்னொரு பாட்டில் வாங்கிடுறேன்" என்றார். "நீங்க சொன்னா" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நம் சொல்லை நம்பித்தான் அவர் தன் கூலியைச் செலவிட இருந்தார்.

அந்தப் பிள்ளை வகுப்பில் அடிக்கடி மேசையில் தலை சாய்த்துவிடுவாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. அவள் வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். வாரந்தோறும் பள்ளியில் நாம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்தாய் என்று கேட்டோம். "வயிறு பெரட்டுது டீச்சர்" என்று சொல்லி ஜன்னல் வழியே எறிந்து வந்திருக்கிறாள். பலன் நிரூபிக்கப்பட்ட இலவச மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போயிருக்கிறது. பலன் தெரியாத டானிக் காசு கொடுத்து வீட்டுக்குள் வந்திருக்கிறது. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

சந்தேகப்படுவது என்றால் எல்லா மாத்திரையையும் ஒதுக்குவது என்று பொருளல்ல. எல்லா மாத்திரையிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது என்று பொருள்.

முதலில் வைட்டமின் என்ற கருத்து எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1890களில் ஜாவா தீவில் அய்க்மான் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்துபோவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் அவை தேறிவிடுவதையும் கண்டார். 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அன்று சிறிய அளவில் தொடங்கியதுதான் பிற்காலத்தில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். இல்லாதவருக்குக் கொடுத்தால் வைட்டமின் அற்புதம் செய்கிறது. விளம்பரம் அதிலிருந்து ஒரு படி தாவி, "இருப்பவருக்கு இன்னும் கொடுத்தால் இன்னும் நல்லது" என்கிறது. காய்ந்த பயிருக்குத் தண்ணீர் உயிர் என்பதற்காக, நிறைந்த வயலில் மேலும் தண்ணீர் கட்டினால் என்ன ஆகும் என்று நம் மாணவர்களுக்கே தெரியும்.

இனி ஐந்து கேள்விகள்.

ஒன்று: எனக்குக் குறைபாடு இருக்கிறதா? களைப்பு என்பது நூறு காரணங்களுக்குப் பொதுவான அறிகுறி. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் களைப்பாகத்தான் வரும். காரணம் தெரியாமல் சத்து மாத்திரை விழுங்கினால், உண்மையான நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். அதே நேரத்தில் உண்மையிலேயே தேவைப்படுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்களுக்கும், நீரிழிவுக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையக்கூடும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதில் அதன் பயனை 1991இல் வெளியான பெரிய ஆய்வு உறுதிப்படுத்தியது. இவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தயங்காமல் எடுக்க வேண்டும்.

இரண்டு: சான்று எங்கே? "என் மாமா சாப்பிட்டார், முட்டிவலி போய்விட்டது" என்பது சான்று ஆகாது. வலி தானாகவும் குறையும். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு வேண்டும் என்பதை ஆய்வகத்தில் நாமே கற்றுத்தருகிறோம். அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டோரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வைட்டமின் டி, மற்றொன்றுக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தார்கள். மாரடைப்பு போன்ற பெரிய இதய நோய்களோ, புதிதாகப் புற்றுநோய் வருவதோ குறையவில்லை. வைட்டமின் சி தினமும் எடுத்தாலும், பொதுவாக மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை; பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் சிறிதளவு குறைகிறது.

மூன்று: தீங்கு உண்டா? "சத்துதானே, என்ன செய்துவிடும்" என்பதே ஆபத்தான நம்பிக்கை. பின்லாந்தில் 29,000 புகைப்பிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994இல் இது வெளியானபோது, பலனை எதிர்பார்த்திருந்த ஆய்வாளர்களே திகைத்தார்கள். பி, சி வகை வைட்டமின்களில் மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு. வைட்டமின் டி நமக்கு நாளொன்றுக்கு 600 அலகு போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரையில் 60,000 அலகு இருக்கிறது. அதாவது நூறு நாள் தேவை. குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவோர் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் வரை பாதிக்கும்.

நான்கு: நான் எடுக்கும் வேறு மருந்தோடு மோதுமா? என்னுடன் பணியாற்றும் ஓர் ஆசிரியைக்குத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் அளவீடு இறங்கவில்லை. காலையில் அதோடு சேர்த்தே கால்சியம் மாத்திரையும் எடுத்துவந்திருக்கிறார். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி விட்ட பிறகு சரியானது. முடி வளர்ச்சிக்கான மாத்திரைகளில் உள்ள பயோட்டின் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டும். அதனால் மருத்துவரிடம் செல்லும்போது சத்து மாத்திரைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐந்து: விற்பவருக்கு இதில் என்ன லாபம்? உறவினர், நண்பர், சில இடங்களில் நம் சக ஆசிரியர் வழியாகவே சங்கிலித்தொடர் விற்பனை நடக்கிறது. நட்புக்காக மறுக்க முடியாமல் வாங்குகிறோம். நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 9,125 ரூபாய். மேலும், அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. பெற்றோரிடம் விற்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

லேபிளைப் படிக்கப் பழகுங்கள். சத்துப்பொருள்கள் பெரும்பாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உணவாகவே விற்கப்படுகின்றன. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரி அதில் சிறிய எழுத்தில் இருக்கும். 14 இலக்க உரிம எண் இருந்தால் தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்று பொருள். நோய் தீரும் என்று அரசு உறுதி கொடுத்ததாகப் பொருளல்ல. பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவில் எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். இதை வகுப்பிலேயே செய்யலாம். மாணவர்கள் வீட்டிலுள்ள காலி டப்பாக்களைக் கொண்டுவரட்டும். லேபிளில் சொல்வது எது, விளம்பரத்தில் சொல்வது எது என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். சதவீதக் கணக்கும் வரும், மொழிப்பாடமும் வரும், அறிவியல் மனப்பான்மையும் வரும்.

இப்போது அந்த நீல மாத்திரையிடமும் இதே ஐந்து கேள்விகளைக் கேட்போம். குறைபாடு இருக்கிறதா? இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. சான்று உண்டா? இரும்புச்சத்து இரத்தசோகையைக் குறைக்கும் என்பது பலமுறை நிறுவப்பட்டது. தீங்கு? குமட்டல் வரலாம், மலம் கறுக்கலாம். பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் கொடுக்காமல் சத்துணவுக்குப் பிறகு கொடுங்கள். மோதுமா? டீ, பாலுடன் வேண்டாம். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வேறு மருந்து எடுக்கும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவருக்கு லாபம்? நம் பள்ளியில் விற்பனையே இல்லை. ஐந்திலும் தேறிவிட்டது. எனவே அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், நம் கண் முன்னே விழுங்கவைப்போம். குடற்புழு நீக்க மாத்திரைக்கும் இதுவே பொருந்தும்.

உணவை மறந்துவிட வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. நம் ஒரு நாள் தேவை 80 மில்லிகிராம்தான். சத்துணவு முட்டையில் புரதம், ஏ, பி12 எல்லாம் உண்டு. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன.

அந்தத் தாயிடம், "இந்தப் பாட்டில் வேண்டாம்மா, அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்குங்க. டாக்டர் குடுத்த மாத்திரையை விடாம குடுங்க" என்றேன். மூன்று மாதம் கழித்து அவளுடைய ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது. அவள் முதல் மதிப்பெண் எடுத்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் டானிக் விளம்பரம் ஆகிவிடுவேன். வகுப்பில் விழித்திருக்கிறாள். கேள்வி கேட்கிறாள்.

உங்கள் ஊரிலும் நாளை ஒருவர் பாட்டிலோடு வந்து, "நீங்க சொன்னா வாங்கிடுறேன்" என்பார். அவருக்குச் சரியான பதில் சொல்ல நாம் தயாராக இருப்போம்.