ஜீப் வண்டியின் ஐந்தாம் சில்லு



நாவலப்பிட்டியிலிருந்து தொலஸ்பாகைப் பக்கமாகவும் கினிகத்தேனைப் பக்கமாகவும் ஏறும் தோட்டப் பாதைகளை அறிந்தோர்க்கு, ஜீப் வண்டி அங்கே உல்லாச வாகனமன்று என்பது தெரியும். உர மூட்டையும் அரிசி மூட்டையும் அதிலே ஏறுகின்றன. பேறுகால வேதனையுற்ற பெண்ணும் அதிலேதான் நகரத்து வைத்தியசாலைக்கு வருகிறாள். அவ்வண்டியின் பின்புறத்தில் மாட்டப்படும் மேலதிகச் சில்லு எவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கலைப் பட்டதாரியான பாடசாலை அதிபருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நெம்புகோல் பாடத்துக்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

1944 ஆம் ஆண்டிலே தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அக்கால வில்லிஸ் ஜீப்பின் பின்புறம் திறவாத தகட்டுச் சுவர். அதன் வலப்பாதியிற் சில்லும் இடப்பாதியில் எரிபொருட் கலமும் மாட்டியிருந்தார்கள். 1945 இல் அதே நிறுவனம் குடிமக்களுக்கென வெளியிட்ட வண்டிக்குப் பின்கதவு வைத்தபோது, சில்லை உடலின் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. கதவானது திறந்து மூடுவதற்கேயன்றிப் பாரஞ் சுமப்பதற்கன்று. 1948 இல் வந்த லாண்ட் ரோவரிலே பொனட்டின் மேற் சில்லை வைப்பதும் உண்டு. அதனால் முன்பார்வை குறையும். எஞ்சினைப் பார்க்க மூடியைத் தூக்குவோனுக்கு முதுகும் நோகும். பிற்கால வண்டிகள் பலவற்றிற் சில்லு பின்கதவிலேயே தொங்குகின்றது.

சிறு கணக்கொன்று பார்ப்போம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 200 சென்ரிமீற்றர் என்க. 30 கிலோகிராம் எடையுள்ள சில்லு பின்னச்சுக்கு அப்பால் 80 சென்ரிமீற்றரில் தொங்கினால், பின்னச்சு 42 கிலோகிராமைத் தாங்கும். முன்னச்சின் சுமையில் 12 கிலோகிராம் குறையும். மட்டமான தெருவில் இது பொருட்டன்று. செங்குத்தான ஏற்றத்தில், பின்னே ஆட்களும் மூட்டைகளும் நிறைந்திருக்கையில், முன்சில்லுகள் ஈரமண்ணைப் பற்றாமல் வழுக்குவதற்கு இதுவும் துணைபோகும். ஆகவே சில்லு வண்டியின் உடலை ஒட்டியே இருத்தல் வேண்டும். பெரிய டயருக்கு ஆசைப்பட்டு, அதற்காகத் தாங்கியைப் பின்னே நீட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உயரமும் முக்கியம். தாழ இருந்தால், கானைக் கடந்து மேலேறும்போது டயரின் அடி நிலத்தில் இடிக்கும். மேலே உயர்த்தினாற் பின்கண்ணாடி மறையும். தடை விளக்கும் மறையலாம். கினிகத்தேனை மூடுபனியிற் பின்னே வரும் பஸ் சாரதிக்கு அவ்விளக்கொன்றே அடையாளம்.

இனிக் கதவின் சங்கதிக்கு வருவோம். சில்லைச் சுமக்கும் கதவு ஒரு பக்கப் பிணைச்சல்களில் தொங்குகின்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் மேற்பிணைச்சல் இழுபடும். நாளடைவிற் கதவுத் தகடு வெடிக்கும். பிறிதோர் அபாயமும் உண்டு. தோட்டத்திலிருந்து நோயாளியை ஏற்றும் வண்டி பெரும்பாலும் இறக்கத்தை நோக்கியே நிற்கும். அப்போது திறந்த கதவு சில்லின் பாரத்தால் தானே மூடிக்கொள்ள முயலும். நோயாளியைத் தூக்கி நிற்போர் கைகளுக்கு அதைத் தடுக்க இயலுமா? கதவைத் திறந்தபடி நிறுத்தும் தாங்குகோல் அவ்வண்டிக்கு அவசியம். அடிச்சட்டத்தில் தனிப் பிணைச்சலோடு சுழலும் இரும்புக் கை சில்லைத் தாங்குமாயின் கதவின் சுமை தீரும். ஆயினும் அக்கையையும் திறந்த நிலையிற் பூட்டிவைக்க வழி வேண்டும்.

சில்லின் மேல் அழகான உறையிட்டுப் பூவும் புலியும் வரைவோர் உளர். எங்கள் ஊர் மழையில் அவ்வுறையின் உள்ளே ஈரந் தங்கி நட்டுகள் துருப்பிடிக்கும். காற்றுக் குறைந்தாலும் வெளியே தெரியாது. மாதமொருமுறை உறையைக் கழற்றிக் காற்றை அளந்து, நட்டுகளை இறுக்குங்கள். டயர் இறப்பர்த் தாங்கிகளில் நன்கு அழுந்தியிருக்கின்றதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பின்னர்க் கதவைப் பாதி திறந்து, பிணைச்சலுக்கு எதிரான விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். பிணைச்சல் அசைந்தால், அடுத்த பயணத்துக்கு முன்னரே வண்டியைக் கராஜுக்கு அனுப்பிவிடுங்கள்.