காலை எட்டு மணி ரத்தம்

சென்னையை அடுத்த சேக்காடு, ஆவடி, பட்டாபிராம் பக்கம் ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு ஒருவர் காலை எட்டு மணிக்கு லேபில் போய் கார்டிசால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார் என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது.

கார்டிசால் நெருக்கடி நேரத்து ஹார்மோன். பகலில் விழித்து இரவில் உறங்குபவருக்கு, கண் விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு விழித்து வேலை பார்ப்பவருக்கு இந்த நேரக்கணக்கு மாறலாம். கடன்காரர் வாசலில் நின்றால் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை உசுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினலை முடுக்குகிறது. சுரந்த கார்டிசாலே மூளைக்குத் திரும்பி, போதும் என்று சொல்லவேண்டும். கடும் மனச்சோர்வு உள்ள பலருக்கு அந்தச் சொல் எடுபடுவதில்லை.

மனநல மாத்திரைகளும் கார்டிசாலில் கை வைக்கின்றன, ஆளுக்கொரு திசையில். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சிட்டலோபிராம் முதல் வேளையில் கார்டிசாலைச் சற்று ஏற்றக்கூடும். மிர்டாசபின் இறக்கும். மனச்சிதைவுக்குத் தரும் ஓலான்சபின், குவெட்டியாபின் இரண்டும் இறக்கும் ரகம்தான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் மனச்சோர்வுள்ள 54 வெளிநோயாளிகளிடம் கார்டிசாலை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். சிலருக்கு யோகா மட்டும், சிலருக்கு மாத்திரை மட்டும், சிலருக்கு இரண்டும். மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட, யோகா செய்தவர்களில் அதிகம் பேருக்குக் கார்டிசால் இறங்கியிருந்தது. ஆனால் சிகிச்சையைக் குலுக்கல் முறையில் ஒதுக்கவில்லை. ஆகவே இதை வைத்து மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிவது அவசரம்.

இந்த ஹார்மோனை வைத்தே மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. மனநல மருத்துவர் பெர்னார்ட் கேரல் குழுவினர் 1981இல் முன்வைத்த டெக்சாமெத்தசோன் பரிசோதனை அப்படிப்பட்டது. இரவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, மறுநாள் ரத்தம்; கார்டிசால் அடங்காவிட்டால் மனச்சோர்வு என்று கணக்கு. வேறு நோய்களிலும் அது அடங்காததால் பரிசோதனையின் மவுசு போய்விட்டது. வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தரும் கார்பமசபின், அந்த ஸ்டீராய்டையே சீக்கிரம் கரைத்து முடிவைத் தவறாக்கிவிடும்.

எனவே ரத்தம் கொடுக்கும்போது எந்த ஷிஃப்ட், என்னென்ன மாத்திரை, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுப்பதுண்டா என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.